ஏசி போட்டால் லைட் மங்குகிறதா? பேட்டரி கடைக்கு ஓட வேண்டாம்

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறேன். 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார். வாரம் ஒருமுறை காரைக்குடி போய் வருவேன், மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் நிற்கும். இரவில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஏசியும் ஹெட்லைட்டும் போட்டிருந்தால் லைட் மங்குகிறது, வண்டி லேசாக நடுங்குகிறது. மெக்கானிக், பேட்டரியும் டைனமோவும் போய்விட்டன, பெரிய பேட்டரியாகப் போட்டு ஐடிலையும் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) கூட்டிவிடலாம், 19 ஆயிரம் ஆகும் என்கிறார். செய்யட்டுமா?

பதில்: செய்ய வேண்டாம் ஆச்சி. அவர் மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன என்று சொல்வது கடினம்.

நடப்பது இவ்வளவுதான். இன்ஜின் ஓடும்போது காரின் கரண்டைக் கொடுப்பது டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர். அதை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. அந்தக் காலச் சைக்கிளில் டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும் இல்லையா, அதேதான் இங்கும். நீங்கள் எத்தனை சுவிட்சைப் போடுகிறீர்களோ அந்த அளவுக்கு இன்ஜினுக்குச் சுமை கூடும். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 110 வாட், அதாவது 9 ஆம்பியர் போல. ஏசி ப்ளோயர் முழு வேகத்தில் 15 வரை இழுக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் அதற்கு இன்னொரு 15. இதெல்லாம் போக ஏசி கம்ப்ரஸர் தனியாகப் பெல்ட் வழியே இன்ஜினை இழுக்கிறது. ஐடிலில் இன்ஜின் சுற்றுவதோ நிமிடத்துக்கு 800 சுற்று. அந்த வேகத்தில் டைனமோ தன் முழுத் திறனில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. ஃபேன் ஓட ஆரம்பிக்கும் அந்த நொடியில் லைட் கொஞ்சம் மங்கிப் பிறகு சரியாவது நோய் அல்ல.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. சுமை ஏறியதும் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, காற்றைக் கூட்டி ஐடிலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். காற்று போகும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் அதனால் முடியாது. பெரும்பாலும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே நடுக்கம் அடங்கிவிடும். ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் கூட்டவே விடாதீர்கள். அந்த ஸ்க்ரூவைக் கம்பெனியிலேயே அளந்து பெயின்ட் வைத்து அனுப்புகிறார்கள். அதைத் திருகினால் ஈசியூவின் கணக்கு தப்பும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும்.

சரி, டைனமோ நன்றாக இருக்கிறதா? ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். காலையில் வண்டியை எடுக்கும் முன் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். அடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். எதுவும் போடாமல் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். இப்போது ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். 13.2-க்குக் கீழே இறங்காவிட்டால் டைனமோவுக்கு ஒன்றும் இல்லை. இறங்கினால் ஆக்சிலரேட்டரை மிதித்து 1,500 சுற்றுக்குக் கொண்டுபோங்கள். வோல்ட் ஏறினால் முதலில் பெல்ட் தளர்வா, டெர்மினலில் வெள்ளைப் பூப்பு இருக்கிறதா, எர்த் ஒயர் அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறவே இல்லை என்றால்தான் டைனமோவைக் கழற்ற வேண்டும். அப்போதும் கார்பன் பிரஷ்ஷோ ரெகுலேட்டரோ மாற்றினால் போதுமா என்று கேளுங்கள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் முழு டைனமோவையும் தூக்கிப் போட மாட்டார்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் காருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது, ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். புது கார்கள் பலவற்றில் சார்ஜிங்கையும் ஈசியூவே நடத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் பெட்ரோலை மிச்சப்படுத்த டைனமோவைத் தளர்த்திவிடும், பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் மறுபடி ஏற்றும். அப்படிப்பட்ட வண்டியில் ஓடும்போதே மீட்டர் 12.7 காட்டலாம், கொஞ்ச நேரத்தில் 14.7 காட்டலாம். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் சின்னப் பெட்டி போல ஒரு சென்சார் இருந்தால் பெரும்பாலும் அந்த வகை. அதில் ஒரே ஒருமுறை மீட்டரை வைத்துவிட்டு 'டைனமோ அவுட்' என்பவரை நம்பவே கூடாது. லைட்டும் ப்ளோயரும் போட்டு, பல நிமிடம் பார்த்த பிறகே தீர்ப்பு. ஸ்டார்ட்-ஸ்டாப், அதாவது சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வசதி உள்ள வண்டி என்றால் பேட்டரியும் வேறு ரகம், சாதாரணமானதை மலிவாக மாட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை.

பெரிய பேட்டரி என்பது விற்கிறவருக்குத்தான் பெரிது. அதைப் போட்டாலும் டைனமோ கொடுக்கும் கரண்ட் அதிகமாகிவிடாது. உங்கள் வண்டி நின்றுகொண்டே இருக்கிறது. நிற்கும் காரிலும் அலாரம், கடிகாரம், ஈசியூ எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் போல இழுக்கும். மாதத்துக்கு 20 ஆம்பியர்-மணிக்கு மேல் ஆகிறது. சின்னக் காரின் பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். வீட்டில் ஆள் வைத்து தினமும் பத்து நிமிடம் ஏசியோடு ஐடிலில் ஓடவிடுவதால் எதுவும் தேறாது. காரைக்குடி போகும்போது அரை மணி நேரமாவது நிற்காமல் ஓட்டுங்கள். பல வாரம் எடுக்க மாட்டீர்கள் என்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள், இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும்.

அந்த 'மட்டும்' முக்கியம். ஓடும் வண்டியில் டெர்மினலைப் பிடுங்கி டைனமோவைச் சோதிக்கும் வித்தையை இன்னும் சிலர் செய்கிறார்கள். பழைய அம்பாஸடரில் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். இன்றைய காரில் வோல்ட்டேஜ் ஒரேயடியாக எகிறி ஈசியூ புகைந்துபோகலாம். அந்தச் செலவுக்கு முன்னால் 19 ஆயிரம் ஒன்றுமே இல்லை.

அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், பேட்டரியெல்லாம் அடங்கிய துறையான மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் நடத்தும் ஊர் காரைக்குடி. அந்த ஊரைச் சுற்றி, மீட்டரைத் தொடாமலே பேட்டரிக்குச் சாவுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்கிறார், கடையிலிருந்து அவருக்குக் கமிஷனும் வருகிறது. பெரிய சர்வீஸ் சென்டர்களும் உசத்தி இல்லை. ஜாப் கார்டில் 'பேட்டரி செக்' என்று டிக் இருக்கும், அளந்த வோல்ட் எவ்வளவு என்று எழுதியிருக்காது.

கடைசியில் பேட்டரி மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், பில்லும், தேதியும் முத்திரையும் போட்ட வாரண்டி கார்டும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். தயாரித்த மாதத்தைப் பாருங்கள், மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்ததை வாங்காதீர்கள். பழைய பேட்டரியில் இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. அதைக் கழித்த தொகை பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும். 'பழசை நானே எடுத்துக்கொள்கிறேன் ஆச்சி' என்று மெக்கானிக் சொன்னால், எவ்வளவு கழித்தீர்கள் என்று கேளுங்கள்.