பத்து நாட்டுக்கோழிக்குக் குறைந்த செலவில் கொட்டாய் போடுவது எப்படி? மார்கழிக் குளிருக்கு என்ன செய்யணும்?

ஓசூர்ப் பக்கம் வீடு, கொல்லையில் பத்துக் கோழி, கையில் 5,000 ரூபாய், குளிரை நினைத்தால்தான் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தேன்கனிக்கோட்டைக்காரன். வளர்ந்த கோழிக்குக் குளிர் பெரிய விஷயமில்லை. அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்குப் பக்கம், மேலே இறகு வேறு. நம் பக்கத்துத் தளி ஊர்க் குளிரையே தாங்கிவிடும். தாங்காதது ஈரம். நனைந்த தரையும் காற்றோட்டமில்லாத கொட்டாயும் சேர்ந்தால் சளி பிடித்து, கண் வீங்கி, ராத்திரியெல்லாம் தொண்டை கரகரவென்று இழுக்கும்.

பகலில் மேய விட்டு ராத்திரி மட்டும் அடைப்பதென்றால் ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும். 6-க்கு 4 அடி போட்டால் பத்துக்கும் தாராளம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக, வாசல் தெற்கே பார்த்து. ஐப்பசியிலிருந்து தை வரை காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்கையும் கிழக்கையும் கீழிருந்து இரண்டடிக்கு அடைத்துவிடுங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு வசதி, கிரானைட் அறுக்கும் பட்டறைகள். அங்கே கழித்துப் போடும் ஓரத்துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். தரையில் பரப்பி அரையடி மேடாக்கினால் மழைத்தண்ணீர் ஏறாது, பெருச்சாளியும் அடியில் வளை தோண்டாது. காலுக்குத் தைலமரக் கழி. கூரைக்குப் பழைய தகரம் போதும், ஆனால் வெறும் தகரமாக விடாதீர்கள். கோழி விடும் மூச்சின் ஈரமே விடியற்காலையில் தகரத்தில் கோத்து, சொட்டுச் சொட்டாக அதன் முதுகிலேயே விழும். தகரத்துக்கு அடியில் ஒரு வரிசை தென்னங்கீற்று கட்டிவிடுங்கள்.

சிக்கனம் பார்க்கக்கூடாத ஒரே இடம் வலை. மெல்லிய கோழிவலையை நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும், கண் பெரிதாக இருந்தால் கீரிக்குஞ்சு நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். கையிலிருப்பதில் பாதி அதற்கே போனாலும் போகட்டும்.

உட்காரும் கட்டை இரண்டு அங்குல அகலம் இருக்கணும். அப்போதுதான் கோழி உட்காரும்போது விரல் இறகுக்குள் மறையும். இரும்புக் குழாய் வேண்டாம்.

இனி குளிர் வேலை. கார்த்திகை பிறந்ததும் தீவனச் சாக்குகளைத் தைத்துப் படுதா கட்டுவோம். பெரும்பாலும் மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிடுகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். கீழ் ஓரத்தை ஆணியடித்து, மேல் ஓரத்தைக் கயிற்றில் ஏற்றி இறக்குங்கள். ராத்திரியிலும் உச்சியில் முக்கால் அடி திறந்தே இருக்கட்டும். கோழி மேல் ஊதக்காற்று படாது, எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் ஈரமும் மேலே வெளியேறிவிடும். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால் படுதாவை இன்னும் கொஞ்சம் இறக்கணும் என்று அர்த்தம்.

தரையில் நெல் உமியோ கடலைத்தோலோ 4 அங்குலம் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறணும், இல்லையென்றால் மாற்றணும். அடையும் முன் ஒரு கை மக்காச்சோளமோ கேழ்வரகோ கூடுதலாகப் போட்டால் ராத்திரிச் சூட்டுக்கு உதவும்.

மார்கழியில் முட்டை குறையும். பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கிவிடுகிறது, நன்றாக முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். பத்து நாட்டுக்கோழிக்காக பல்பு எரிப்பது என் கணக்கில் தண்டச் செலவு.

குஞ்சுகள் கதை வேறு. இறகு முளைக்காத முதல் மூன்று நான்கு வாரம் குளிரே கொன்றுவிடும். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைக்கலாம். எல்இடி பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு அதிகம். மூடிய இடத்தில் கரி அடுப்பு மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், புகை தெரியாமலே மூச்சடைத்துவிடும். என்னைக் கேட்டால் அடை வைப்பதையே தை பாதிக்குத் தள்ளிவையுங்கள். 21 நாளில் குஞ்சு பொரிக்கும்போது மாசி வந்திருக்கும்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குக் குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 8-ம் வாரம் ஊசி. கால்நடைத்துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்துகிறது. ஊசி போட வருகிறார்கள் என்று தெரிந்தால் காலையில் கதவைத் திறக்காதீர்கள். வெளியே விட்ட சேவலைப் பிடிக்கத் தெருவே ஓடணும்.