தானாகச் சரிசெய்துகொள்ளும் நரம்புக் கருவிக்கு முற்பணம் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. முதுகில் டிஸ்க் ஒப்பரேஷன் செய்த பிறகும் இடது காலில் எரிவும், கரண்ட் அடிப்பது போன்ற வலியும் விடவில்லை. மருந்து, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. முள்ளந்தண்டில் வைக்கும் கருவி ஒன்று இருக்கிறதாம், வலிக்கு ஏற்பத் தானாகவே சரிசெய்துகொள்ளுமாம். சென்னையில் செய்து தருவதாக ஒரு முகவர் மொத்தமாக விலை சொல்லி, பாதியை முற்பணமாகக் கேட்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பத் தயார். கட்டலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போது கட்ட வேண்டாம். மொத்தமாக விலை பேசியிருப்பதே சரியில்லை. இந்தக் கருவி தண்டுவடத்துக்குச் சிறு மின் துடிப்புகளை அனுப்பி வலியை மட்டுப்படுத்துவது. சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்க வேண்டியது. முதலில் ஊசி வழியாக மெல்லிய வயரை முள்ளந்தண்டுக்குள் செலுத்தி, கருவியை உடம்புக்கு வெளியே வைத்து, பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் பரீட்சித்துப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் கருவியைத் தோலுக்கடியில் நிரந்தரமாக வைப்பது வழக்கம். குறையாவிட்டால் வயரை உருவிவிடுவார்கள், அத்தோடு சரி. அப்படியானால் உங்கள் முற்பணம் என்னவாகும்? பரீட்சைக்குத் தனி விலை, நிரந்தரக் கருவிக்குத் தனி விலை என்று எழுத்தில் வாங்குங்கள். பரீட்சையே தேவையில்லை என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, 'தானாகவே' என்ற சொல். இரண்டு வேறு கருவிகளை இப்படிச் சொல்கிறார்கள். ஒன்று, படுத்திருக்கிறாரா நிற்கிறாரா என்று உடம்பின் நிலையைப் பார்த்து மின்சாரத்தை மாற்றுவது. மற்றது, ஒவ்வொரு துடிப்புக்கும் நரம்பு என்ன பதில் தருகிறது என்பதை அளந்து, அடுத்த துடிப்பைக் கூட்டிக் குறைப்பது. இருமினாலும் குனிந்தாலும் தண்டுவடம் வயருக்குக் கிட்டவோ தூரவோ நகர்கிறது. சாதாரணக் கருவியில் அதனால் திடீரென்று சுள்ளென்று அடிக்கும், அல்லது ஒன்றும் உணராது. இரண்டாவது வகை இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. சலூடா நிறுவனத்தின் எவோக் கருவிக்கு 2022இலும், மெட்ரானிக்கின் இன்செப்டிவ் கருவிக்கு 2024இலும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலைச்சீட்டில் கம்பனியின் பெயரும் மாடலும் இல்லையென்றால், எந்த வகைக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

பலன் உண்டா? எவோக் கருவியை 134 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், மூன்று மாதத்தில் நூற்றுக்கு 82 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. அதே கருவியைத் தானாகச் சரிசெய்யாதபடி வைத்தபோது நூற்றுக்கு 60 பேருக்கு. நல்ல வித்தியாசம்தான், ஆனால் ஆய்வுக்குச் செலவழித்தது கம்பனியே. முதுகு வலிக்கான இத்தகைய கருவிகள் பற்றி 2023இல் வந்த, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வோ நீண்டகாலப் பலனைச் சந்தேகித்தது. கிருமித்தொற்று, வயர் இடம் நகர்வது போன்றவற்றுக்கு மறுபடி ஒப்பரேஷன் தேவைப்படலாம்.

எனக்குப் பெரிய கவலை அதற்குப் பிறகுள்ள காலம்தான். ஒரு கம்பனியின் கருவியை அதே கம்பனியின் சாதனத்தால்தான் சரிபார்க்க முடியும். தானாக இயங்கினாலும் ஆரம்பத்தில் பலமுறை ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கொழும்பில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு முறையும் அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகும் செலவையும் கணக்கில் சேருங்கள். பற்றரி எத்தனை வருடத்துக்கு, மாற்ற எவ்வளவு, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்றும் கேளுங்கள். சென்னையில் கட்டும் காசுக்கு, இங்கே நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

அதற்கு முன், ஸ்கான் ரிப்போர்ட்டுகளோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வலி சிகிச்சை பார்க்கும் வைத்தியர் ஒருவரிடம் அப்பாவைக் காட்டுங்கள். ஒப்பரேஷன் செய்த இடத்தில் நரம்பு இன்னும் நசுங்கியிருந்தால் அதற்கு வேறு வைத்தியம். இரத்தம் உறையாமல் இருக்க அப்பா மாத்திரை எடுக்கிறார் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.