பொன்னாடைக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பென்னாகரம் வட்டத்தில் உள்ளது. இங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினன். கல்வியாண்டு முடிவதையொட்டி ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். "இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து முழுச் சம்பளம் வாங்கினவங்களுக்குப் பொன்னாடை வேறயா?" என்று ஒருவர் கேட்டார், பலர் சிரித்தார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்
மே 2022

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். கொரோனா ஊரடங்கில் கூலி வேலை நின்றுபோய் ரேஷன் அரிசியில் நாளைத் தள்ளியவருக்கு, மாதம் தவறாமல் சம்பளம் வாங்கிய யாரைக் கண்டாலும் மனம் கசக்கத்தான் செய்யும். ஆனால் 'வீட்டில் உட்கார்ந்து' என்பது மட்டும் சரியல்ல. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்காக 2021 ஜனவரி 19 அன்று திறந்தன, இரண்டாம் அலையில் மூடின, செப்டம்பர் 1 முதல் மேல்வகுப்புகளுக்கும் நவம்பர் 1 முதல் கீழ்வகுப்புகளுக்கும் திறந்தன, 2022 ஜனவரியில் மறுபடி மூடிப் பிப்ரவரியில் திறந்தன. இதற்கிடையே பாடநூல்களையும், சத்துணவுக்கு ஈடான அரிசி பருப்பையும் பள்ளியில் நின்று வழங்கியவர்களில் ஆசிரியர்களும் உண்டு. 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலிலும் வாக்குச்சாவடிப் பணி பெருமளவு அவர்கள் தலையில்தான் விழுந்தது. உங்கள் வட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்கு இயந்திரங்களைக் கழுதைகள் சுமந்து செல்வதை வியந்து பார்க்கும் நாம், கூடவே நடந்து ஏறுகிற அலுவலர்களை ஏனோ கவனிப்பதில்லை.

ஆனாலும் அவர்களை உண்மையில் களைக்கச் செய்தது, பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அல்ல, திறந்த பிறகு வந்த மாதங்கள்தாம் என்பது என் எண்ணம். முதல் வகுப்பு முடியும் முன்பே வீட்டுக்குப் போன குழந்தை, 2021 நவம்பரில் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. நான் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தளி, ஓசூர் வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம், அவர்களில் பலருக்குத் தமிழ் என்பதே பள்ளியில் கிடைப்பது. பள்ளி திறந்த வாரத்தில் எங்கள் தெருத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு சிறுமி ஆசிரியையின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு "நீள்ளு" என்றாள். முதல் வகுப்பில் 'தண்ணி' என்று கேட்டுப் பழகியவள்தான் என்று ஆசிரியை சொன்னார். அவர் திருத்தவில்லை, குடத்திலிருந்து மொண்டு கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, "தண்ணீர்" என்று ஒருமுறை சொன்னார். அடுத்த பெஞ்சில் ஒரு பையன் 'கொ' எழுதிக்கொண்டிருந்தான். முதலில் 'க', பிறகு வலப்பக்கம் கால், அதன் பிறகு கொம்பு நினைவுக்கு வந்து, இடம் போதாமல் நோட்டின் ஓரக்கோட்டைத் தாண்டி அதை நெருக்கி எழுதினான். இப்படி முப்பது பேர், முப்பது விதமாக மறந்தவர்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்தையும் நடத்த வேண்டும், முதல் வகுப்பையும் திரும்ப நடத்த வேண்டும்.

உங்கள் உயர்நிலைப் பள்ளியில் இது வேறு வடிவில் நடந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து ஆள் வராத பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையன், பெற்றோருடன் பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவன், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசப்பட்ட பெண் என்று நம் இரு மாவட்டங்களுக்கும் பழகிப்போன கதைகள்தாம். அவர்களில் ஒருவரையாவது போன் செய்தோ வீட்டு வாசலில் போய் நின்றோ திரும்ப அழைத்து வந்த ஆசிரியர் உங்கள் பள்ளியில் இருந்தால், கூட்டத்தில் சிரித்தவர்களுக்கு அந்தப் பிள்ளையே பதில்.

எல்லா ஆசிரியர்களும் இப்படி உழைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தவர்களும் உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள். அதனால்தான் வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் ஒரே பொன்னாடை என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, முழுச் சம்பளம் என்ற பேச்சில் தனியார் பள்ளி ஆசிரியர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். என் அக்கா மகள் பி.எட். முடித்துவிட்டு ஒரு சிறிய மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்தவள். பள்ளி மூடியதும் அரைச் சம்பளம் என்றார்கள், பிறகு அதுவும் நின்றது. ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்கு ஐந்து மாதம் போனாள். பள்ளி திறந்ததும் அதே வகுப்புக்குத் திரும்பினாள். முள் கீறிய விரல்களைப் பிள்ளைகள் பார்த்துக் கேட்டபோது, தோட்டம் போட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், விழாவுக்கு அவரையும் அழையுங்கள். வகுப்பறைகளைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்த துப்புரவுப் பணியாளரையும் விட்டுவிடாதீர்கள்.

விழா எப்படி இருக்கலாம் என்றால், ஒவ்வோர் ஆசிரியரைப் பற்றியும் அவரிடம் படித்த ஒரு பிள்ளையோ அந்தப் பிள்ளையின் தாயோ, அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை எழுந்து சொல்லட்டும். 'தன்னலமற்ற', 'அர்ப்பணிப்பு' போன்ற சொற்களை மேடைக்கு வரும் பிரமுகர்களிடம் விட்டுவிடலாம், அவர்களையும் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட அந்த நண்பரை அவசியம் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

தேதியை மட்டும் இப்போது குறிக்காதீர்கள். பொதுத்தேர்வு இந்த மே வெயிலில்தான் நடக்கிறது, அதன் பிறகு விடைத்தாள் திருத்தப் போக வேண்டியவர்கள் அவர்களில் இருப்பார்கள். பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கொஞ்சமாவது தூங்கியிருப்பார்கள்.

அன்புடன்.