பன்னாட்டுச் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? அதில் வேலை கிடைக்குமா?

நான்காம் ஆண்டு சட்ட மாணவர் என்றும், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வாதாடும் ஆசை உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் நானும் சர்வதேச நீதிமன்றச் சட்டவிதியில் பன்னாட்டுச் சட்டத்தின் மூலங்களைச் சொல்லும் 38ஆம் பிரிவை, ஒப்பந்தம், வழக்காறு (நாடுகள் சட்டமாகவே ஏற்றுக் கடைப்பிடிக்கும் நடைமுறை), பொதுக் கொள்கைகள் என்று வரிசை பிசகாமல் ஒப்பித்து மதிப்பெண் வாங்கினேன்; ஆனால் அவை ஒரு வழக்கில் எப்படிப் புழங்குகின்றன என்பது என்ரிகா லெக்சி என்ற கப்பல் தொடர்பான வழக்கின் தீர்ப்பைப் படித்த பிறகே பிடிபட்டது.

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில், அந்த இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலுக்கிருந்த கடற்படை வீரர்கள், மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகெனக் கருதிச் சுட்டதில் இரு மீனவர்கள் இறந்தனர். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கரையோர நாட்டின் ஆட்சிக் கடல் 12 கடல் மைலோடு முடிந்துவிடுவதால், கேரளத்துக்கு இதில் அதிகாரமில்லை, மத்திய அரசுக்கே உண்டு என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின்படி அமைந்த ஐவர் தீர்ப்பாயம், 2020இல், இரு நாடுகளுக்கும் விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அரசுப் பணியாளரான வீரர்களுக்கு வேற்று நாட்டு நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்குரிமை உண்டா என்ற கேள்விக்கு அந்த உடன்படிக்கையில் விடையில்லை. அதை வழக்காற்றுச் சட்டத்தில் தேடி, மூவர் உண்டு என்றனர், இருவர் மறுத்தனர். வீரர்கள் தப்பினாலும், இந்தியப் படகின் கடற்பயண உரிமையை மீறியதற்காக இத்தாலி இழப்பீடு தர வேண்டியதாயிற்று. பத்து கோடி ரூபாய் கட்டப்பட்ட பின்னரே 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இத்தீர்ப்பை மாறுபட்ட கருத்துரைகளோடு சேர்த்துப் படியுங்கள். என் கணிப்பில் வாதத்தின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

மறுத்த இருவரில் ஒருவரான பி. எஸ். ராவ், நம் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர். அவ்வமைச்சகத்தின் சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவுதான் இந்தியாவில் இத்துறையின் நேரடி வாசல். சட்ட அலுவலர்களை யூபிஎஸ்சி வழியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், இடங்கள் குறைவு. சர்வதேச நீதிமன்றத்திலோ நீதிபதிகளே பதினைந்து பேர்தான்.

ஆகவே பலருக்கும், எனக்கும், சோறு போடுவது வணிக நடுவர் மன்ற வேலை, அதாவது வணிகத் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் முன் தீர்க்கும் வேலை: சரக்குக் கப்பல் துறைமுகத்தில் எத்தனை நாள் கூடுதலாக நின்றது, அந்த டெமரேஜ் (தாமதக் கட்டணம்) யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தை வரி வரியாகப் பார்ப்பது. இதைப் பன்னாட்டுச் சட்டம் என்றால் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் சிங்கப்பூரில் நடுவர் மன்றம் வழங்கிய தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கும்போது, நாம் கையில் பிடித்திருப்பது, வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையைத்தான்.

கடன் வாங்கி ஐரோப்பாவில் எல்எல்எம் (சட்ட மேற்படிப்பு) சேரும் முடிவை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஜெசப் என்னும் பன்னாட்டுச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டியில் ஒருமுறையாவது மனு எழுதிப் பாருங்கள். சர்வதேச நீதிமன்றத்தின் இரு அலுவல் மொழிகளில் ஒன்றான பிரெஞ்சையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.