சமையலறை அலமாரிகளை மாற்ற நான்கு லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் சொந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். 2011இல் செய்த சமையலறை அலமாரிகள் இப்போது பார்க்கவே பழையதாகிவிட்டன. கதவுகளில் மைக்கா உரிகிறது, சில கதவுகள் தொங்குகின்றன, சிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியின் அடிப்பலகை ஊறிப் பொத்தென்று ஆகிவிட்டது. ஒரு நிறுவனத்தில் புதிய மாடுலர் கிச்சனுக்கு 3,90,000 ரூபாயும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் கேட்டார்கள், நான்கு லட்சத்துக்குத் தனிநபர் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள் (14% வட்டி, 48 மாதம், 2% பரிசீலனைக் கட்டணம்). எங்கள் இருவரின் மாத வருமானம் 78,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 21,000, நகைச் சீட்டு 5,000 உட்பட எல்லாச் செலவும் போக மாதம் 12,000 மிஞ்சுகிறது. வங்கியில் வைப்புநிதியாக 1,40,000 இருக்கிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்தக் கடனை வாங்கலாமா, அல்லது நகையை அடகு வைப்பதோ பி.எஃப். பணத்தை எடுப்பதோ நல்லதா? நான்கைந்து ஆண்டுகளில் வீட்டை விற்கும் எண்ணமும் உண்டு. புதிய சமையலறையால் விலை கூடுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்தக் கடனை வாங்க வேண்டாம். நகையையும் பி.எஃப். பணத்தையும் இதற்காகத் தொடவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளைப் பார்த்தால் உங்களுக்குத் தேவைப்படுவது புதிய சமையலறை அன்று. புதிய கதவுகளும் ஒரே ஒரு புதிய பெட்டியும்தான் என்று தோன்றுகிறது. அதை ஆறு மாதச் சேமிப்பிலேயே செய்துவிட முடியும்.

முதலில் அவர்கள் கேட்ட தொகையைப் பார்ப்போம். 3,90,000 ரூபாய்க்கு 18% ஜி.எஸ்.டி. 70,200 ரூபாய், ஆக மொத்தம் 4,60,200. நான்கு லட்சம் கடன் போக மீதி 60,200 ரூபாயும், பரிசீலனைக் கட்டணமும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யுமாக 9,440 ரூபாயும் உங்கள் வைப்புநிதியிலிருந்துதான் வர வேண்டும். அதற்குப் பிறகு கையிருப்பு ஏறத்தாழ 70,000 ரூபாயாகச் சுருங்கும். மாதம் 66,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு அது ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான பாதுகாப்பு மட்டுமே. கடனின் மாதத் தவணை ஏறத்தாழ 10,930 ரூபாய்; உங்களுக்கு மிஞ்சும் 12,000 ரூபாயில் ஆயிரத்துச் சொச்சம்தான் எஞ்சும். நான்கு ஆண்டுகளில் வட்டியாக மட்டும் சுமார் 1,25,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது காலக்கணக்கு. மகள் கல்லூரியில் சேரும்போது இந்தக் கடனில் பாதிக்கும் மேல் பாக்கி இருக்கும். கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் இல்லாமல் அப்போது இன்னொரு கடன் வாங்க நேர்ந்தால், அதன் உண்மையான காரணம் சமையலறையாகவே இருக்கும்.

இப்போது அலமாரிகளுக்கு வருவோம். சமையலறை அலமாரி என்பது பெட்டி, அதன் முகப்பில் இருக்கும் கதவு, இரண்டையும் இணைக்கும் கீல்கள், உள்ளே இழுப்பறைகள் ஓடும் சேனல்கள் ஆகியவற்றால் ஆனது. பழையதாகத் தெரிவது பெரும்பாலும் கதவு மட்டுமே. பெட்டி கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் நிறுவனம் கொடுக்கும் மதிப்பீட்டில் பெட்டிகளின் விலை பெரும் பங்கு வகிக்கும். பெட்டி நன்றாக இருக்கிறதா என்பதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதித்துவிடலாம். எல்லாப் பாத்திரங்களையும் வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியின் அடிப்பலகையையும் பின்பலகையின் கீழ் ஓரத்தையும் திருப்புளியின் முனையால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் கவலை இல்லை. மாவு போல உதிர்ந்தாலோ, விளிம்பு உப்பியிருந்தாலோ அந்தப் பெட்டியை மாற்ற வேண்டும். மரத்தூளையும் மர நாரையும் அழுத்திச் செய்த பலகைகளான பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் ஒரு முறை தண்ணீர் குடித்து உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. தொங்கும் கதவுகளில் கீலின் திருகை முடுக்கிப் பாருங்கள். திருகு பிடித்தால் கீலை மட்டும் மாற்றினால் போதும். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளையில் மரக்குச்சியும் பசையும் இட்டு அடைத்து, சற்றுத் தள்ளித் திருக வேண்டும். கரையான் மண் தெரிந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது பூச்சிக் கட்டுப்பாடு முதலிலும் மற்றவை பிறகும்.

கிரானைட் மேடை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சமையலறைகள் பலவற்றில் மேடையைத் தாங்குவது செங்கல் சுவரோ கடப்பைக் கல் தடுப்புகளோதான். மரப்பெட்டி அந்த இடைவெளிக்குள் செருகப்பட்டது அல்லது இல்லவே இல்லை, சட்டத்தில் கதவு மட்டும் மாட்டப்பட்டிருக்கும். அப்படியானால் கீழ்ப்பகுதியில் பெட்டிக்காகச் செலவு செய்ய வேண்டியதே இல்லை. மாறாக, கிரானைட் நேரடியாக மரப்பெட்டிகளின் மேல் இருந்தால், பெட்டிகளைக் கழற்றும்போது கல் விரிசல் விடக்கூடும். புதிய கல், சுவர் டைல்ஸ், குழாய் வேலை என்று நிறுவனத்தின் மதிப்பீட்டில் இல்லாத செலவுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். உங்களுக்குக் கொடுத்த தாளில் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்காது என்பது என் ஊகம்.

கதவுகளை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும்? கீழே 14 அடி நீளமும் மேலே 10 அடி நீளமும் கொண்ட எல் (L) வடிவச் சமையலறையை எடுத்துக்கொள்வோம். கதவுகளின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அடி. எட்டுக்கு நான்கு அடிப் பலகை இரண்டு போதும் என்று தோன்றும். ஆனால் மரக்கோடுகள் எல்லாக் கதவுகளிலும் நிமிர்ந்து நிற்கும்படி வெட்டினால் மூன்று வேண்டும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள 19 மி.மீ. பிளைவுட் மூன்று பலகை 13,500 ரூபாய், வெளிப்பக்க மைக்கா 5,400, உட்பக்க மைக்கா 2,400, மெதுவாக மூடும் கீல்கள் 5,400, கைப்பிடிகள் 3,000, எட்ஜ் பேண்டிங் (பலகை விளிம்பில் ஒட்டும் பட்டை), பசை, திருகு வகைகள் 3,000, மூன்று இழுப்பறைகளுக்குச் சேனல் 9,000, சிங்குக்குக் கீழே புதிய பெட்டி 12,000, தச்சர் கூலி 20,000 என்று வைத்தால் 73,700 ரூபாய். எதிர்பாராததற்கு 16,000 ஒதுக்கி 90,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை மாதிரிக் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊரில் இரண்டு பிளைவுட் கடைகளிலும் இரண்டு தச்சர்களிடமும் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பொருளை நீங்களே ரசீதுடன் வாங்கிக் கொடுத்துக் கூலியைத் தனியாகப் பேசுவது நல்லது. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத தச்சர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் கூலியின் மேல் வரி வராது; இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை.

ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் ரகம், ஐ.எஸ். 303இல் வரும் எம்.ஆர். ரகம் ஈரப்பதத்தை மட்டுமே ஓரளவு தாங்கும். மேல் அலமாரிக்கு அது போதுமென்றாலும், மூன்று பலகைக்குள் இந்த மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். சிங்குப் பெட்டிக்கு மட்டும் பி.வி.சி. பலகையையும் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் விற்கும் ஒட்டுத்தாளைப் பழைய கதவின் மேல் ஒட்டும் யோசனை யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாளிப்பு நடக்கும் சமையலறையில் அது நெடுநாள் ஒட்டியிருக்காது.

பணம் எங்கிருந்து வரும்? நகைச் சீட்டு பொதுவாகப் பதினொரு மாதத்தில் முடியும். உங்களுடையது இன்னும் இரண்டு மாதத்தில் முடிவதாக வைத்துக்கொண்டால், முதல் இரண்டு மாதங்களில் 24,000 ரூபாயும், அடுத்த சீட்டு போடாமல் இருந்தால் அதன்பின் நான்கு மாதங்களில் மாதம் 17,000 வீதம் 68,000 ரூபாயும் சேரும். மொத்தம் 92,000. சீட்டு முடியக் கூடுதல் மாதங்கள் இருந்தால் வேலையை அவ்வளவு மாதம் தள்ளிப் போடுங்கள். இந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் கலக்காமல் தொடர்வைப்பில் போட்டுவிடுங்கள். சிங்கின் கசிவை நிறுத்துவதும் அந்தப் பெட்டியை மாற்றுவதும் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஈரம் பக்கத்துப் பெட்டிக்குப் பரவும். அதை முதல் மாதச் சேமிப்பிலேயே செய்துவிடுங்கள்.

நகைக் கடனுக்குத் தனிநபர் கடனைவிட வட்டி குறைவு என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஆண்டு முடிவில் அசலையும் வட்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டிய வகையில் வாங்கினால், மாதம் 12,000 மிஞ்சும் குடும்பத்தால் நான்கு லட்சத்தை ஒரே தவணையில் மீட்க முடியாது. மறு அடகுதான் வைப்பீர்கள். பி.எஃப். விஷயத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. 2024–25ஆம் ஆண்டுக்கு அதன் வட்டி 8.25%, அதே விகிதம் நீடித்தால் இன்று எடுக்கும் ஒரு லட்சம் பதினைந்து ஆண்டில் ஏறத்தாழ 3,28,000 ரூபாயாக வளர்ந்திருக்கும்.

கடையில் வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் உடனே சம்மதிக்காதீர்கள். இத்தகைய திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருப்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுட்டிக்காட்டியது. முழுத் தொகையையும் உடனே கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கேளுங்கள். எட்டு சதவீதம் தருவார்கள் என்றால், பன்னிரண்டு மாத வட்டியில்லாத் தவணையில் நீங்கள் கட்டுவது உண்மையில் ஆண்டுக்கு 15 முதல் 16 சதவீத வட்டி.

தச்சரிடம் பேசும்போது கூலியில் கால் பங்கை முன்பணமாகவும், கதவுகள் மாட்டியதும் பாதியையும் கொடுத்து, கடைசிக் கால் பங்கை இரண்டு வாரம் கழித்துத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். புதிய கதவுகள் எப்போதும் கொஞ்சம் இறங்கும். அவரைத் திரும்ப வரவழைக்க அந்தப் பாக்கி உதவும். ஆவணிக்கும் தைக்கும் முந்தைய வாரங்களில் அவர்கள் கிரகப்பிரவேச வேலைகளில் மூழ்கியிருப்பார்கள் என்பதால் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

விற்பனை விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய அடுக்குமாடி வீட்டை வாங்க வருபவர் சதுர அடி, பிரிக்கப்படாத நிலப் பங்கு, கட்டடத்தின் வயது, தண்ணீர், வாகனம் நிறுத்த இடம் ஆகியவற்றை வைத்தே விலை பேசுவார். சமையலறையைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் அவர் தயாராகவே வருவார். எனவே 4,60,200 ரூபாய் விற்பனை விலையில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். தொங்கும் கதவும் ஊறிய பெட்டியும் இருந்தால் மட்டும் அவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். அதைத் தடுக்க 90,000 ரூபாய் வேலையே போதும்.