ஒய்டி, ரீபவுண்டில் புதிய கணக்கு சேர்ப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எம்.எஸ்சி இயற்பியல் படிக்கிறேன். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சிமுலேஷன் பைத்தியம். சிமுலேஷன் தரவை அலசிப் படம் வரையும் ஒய்டி (yt) மென்பொருளில் வாயுவுக்குப் புதிய அளவு ஒன்று வேண்டும், மென்பொருளையே திருத்தணுமா?

வேண்டாம் தம்பி. அடர்த்தி, வெப்பநிலை என்று இருப்பதை எடுத்துக் கணக்குப் போடும் சின்ன பைத்தான் ஃபங்ஷன் எழுதி, ஆட் ஃபீல்ட் (add_field) என்ற கட்டளையில் பெயரும் அலகும் கொடுத்துப் பதிந்துவிடு, படம் வரைவதெல்லாம் அதற்கும் தானாக வந்துவிடும். ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள். ஒலியின் வேகமெல்லாம் உள்ளேயே இருக்கிறது.

ஓசூரிலிருந்து ஒரு அக்கா: ஐடி வேலை, வானியல் புதிது. நான் எழுதிய சராசரி வெப்பநிலை மிகக் குறைவாக வருகிறதே?

அக்கா, சிமுலேஷனில் இடத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிப்பார்கள், அவைதான் செல்கள். உங்கள் செல்கள் ஒரே அளவில் இல்லை, அதுதான் காரணம். வாயு நெருக்கமான இடத்தில் சிமுலேஷன் மென்பொருள் ஒரு செல்லை எட்டாகப் பிரிக்கும், மூன்று படி போனால் 512. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் பெரிய பெட்டியையும் சின்னக் கூடையையும் ஒன்றுக்கு ஒன்று எண்ணி சராசரி விலை சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இதைச் செய்து பாருங்கள்: ஒரு பெரிய செல்லில் 10,000 கெல்வின், அதே அளவுள்ள பக்கத்துச் செல்லை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 100 கெல்வின். வெறுமனே எண்ணிக்கையால் வகுத்தால் 1,200 வரும், கன அளவை எடையாக வைத்தால், அதாவது பெரிய செல்லுக்கு அதன் அளவுக்கேற்ற பங்கு கொடுத்தால், 5,050. வாயுவில் உள்ள வெப்பம்தான் கேள்வி என்றால் நிறையை எடையாக வையுங்கள். நான் முதன்முதலில் எழுதியபோது பெட்டி முழுக்க ஒரே வெப்பநிலை வைத்துத்தான் சோதித்தேன், அப்படி வைத்தால் தப்பான கணக்கும் சரியான விடையைத்தான் தரும், ஒரு மாதம் அந்தப் பிழையோடு படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் ஆசிரியர்: என் பழைய லேப்டாப்பில் கோள்களின் சுற்றுப்பாதையை ஆராய முடியுமா?

தாராளமாக முடியும் சார். கோள்களின் அசைவைக் கணக்கிடும் ரீபவுண்ட் (REBOUND) மென்பொருள் போதும், புது விசை சேர்க்க அதன் துணையான ரீபவுண்ட்எக்ஸ் (REBOUNDx). எதைச் சேர்த்தாலும் முதலில் அந்த விசையைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டுங்கள். மைய நிறை 1, தூரம் 1, நிறையே இல்லாத ஒரு கோள், அவ்வளவுதான். சுற்றுக்காலம் 6.283, அதாவது இரண்டு பை வரணும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

மறுபடியும் அந்தத் தம்பி: ஆங்கிலம் தடுமாறும் அண்ணா, நான் எழுதியதை ஒய்டி குழுவுக்கு அனுப்பினால் ஏற்பார்களா?

எழுதியது சரிதானா என்று சோதிக்கும் சரியான டெஸ்ட் இருந்தால் மொழியைப் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். செய்யப்போவதை முதலில் அவர்கள் தளத்தில் இஷ்யூவாக, அதாவது ஒரு பொதுக் கேள்வியாகப் போட்டுக் கேள், அப்புறம் ஒரே ஒரு ஃபங்ஷன், விடை தெரிந்த ஒரு டெஸ்ட், நான்கு வரி விளக்கம், இவற்றோடு புல் ரிக்வெஸ்ட், அதாவது சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம், அனுப்பு. அனுப்பும் முன் அந்த டெஸ்டை எனக்குக் காட்டு, சேர்ந்தே பார்த்துவிடலாம்.