‘எல்லாம் நார்மல்’ என்ற பிறகும் ஏன் இந்தப் பயம்?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு ஆண்டுகளாக, காலையில் கண் விழிக்கும்போதே மனத்தில் ஏதோ ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணவர் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானால் விபத்தோ என்று தோன்றுகிறது. மகள் இருமினால் பெரிய நோயோ என்று பதறுகிறேன். கழுத்தும் தோளும் இறுகி வலிக்கின்றன. தூக்கம் இல்லை. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல், அதிகம் யோசிக்காதீர்கள்” என்றார்கள். உறவினர் ஒருவர் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை மூன்று மாதமாக இரவில் போட்டுக்கொள்கிறேன். இது நோயா, என் சுபாவமா? காலம் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, “அதிகம் யோசிக்காதீர்கள்” என்று உங்களிடம் சொல்லி அனுப்பிய வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. யோசிப்பதை நிறுத்த முடிந்திருந்தால் நீங்கள் எப்போதோ நிறுத்தியிருப்பீர்கள். முயன்றும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் இந்த நோயின் முக்கிய அடையாளம்.

நீங்கள் விவரித்திருப்பது, பொதுவான மனப்பதற்றக் கோளாறு என்று மனநல மருத்துவம் அழைக்கும் நிலையோடு பெரிதும் பொருந்துகிறது. கடிதத்தை மட்டும் வைத்து இதை உறுதி செய்ய முடியாது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அவர் எதைப் பார்ப்பார் என்று சொல்கிறேன். குடும்பம், உடல்நலம், பணம், வேலை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் அளவுமீறிய கவலை, குறைந்தது ஆறு மாதங்களாவது, பெரும்பாலான நாட்களில் இருந்திருக்க வேண்டும். அதோடு அமைதியின்மை, எளிதில் களைத்துப்போவது, மனம் ஒருமுகப்படாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் குறைவு ஆகிய ஆறில் மூன்றாவது இருக்க வேண்டும்; அன்றாட வாழ்க்கையும் அதனால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கழுத்து வலியும் தூக்கமின்மையும் இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. இதயப் பரிசோதனைகள் சரியாக இருந்ததால் உங்கள் வலி கற்பனை என்று ஆகிவிடாது. ஆபத்து வரப்போகிறது என்று மூளை ஓயாமல் எச்சரிக்கும்போது தசைகள் நாள் முழுவதும் இறுகியே இருக்கின்றன, இறுகிய தசை வலிக்கத்தான் செய்யும்.

ஒரு பரிசோதனையை மட்டும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வரும். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அளவுக்கு மீறிய காபியும் சில மருந்துகளும்கூட இப்படிச் செய்யக்கூடும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் மருத்துவர் தரலாம். மொத்த மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும் என்று பொருள். நோய் உண்டா இல்லையா என்று அந்தத் தாள் மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது.

இனி, இந்தக் கவலை ஏன் ஓய்வதில்லை என்பதற்கு வருகிறேன். கணவர் தாமதமானதும் நீங்கள் அவரைத் தொலைபேசியில் அழைப்பீர்களா என்று எழுதவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் பலரும் அழைப்பார்கள். அவர் குரலைக் கேட்டதும் நிம்மதி வரும், ஆனால் அது மறுநாள் மாலை வரைகூடத் தாங்காது. தெரியாமல் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்க முடியும் என்பதைக் கற்றுக்கொள்ள மனத்திற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அவர் பத்திரமாக வந்து சேர்ந்ததும், நாம் கவலைப்பட்டதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் எழுதப்பட்டுவிடுகிறது. நிச்சயமின்மையைத் தாங்க இயலாமைதான் இந்த நோயின் வேர்களில் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். சிகிச்சை தொட வேண்டிய இடமும் அதுதான்.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., அதைத்தான் செய்கிறது. பெரும்பாலும் வாரம் ஒரு முறையாக, பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வுகள் வரை நடக்கும். இன்றைக்கு அழைக்காமல் பத்து நிமிடம் பொறுப்போம், நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்று படிப்படியாகப் பழக்குவார்கள். கவலைக்கென்று தினமும் மாலையில் அரை மணி நேரத்தை ஒதுக்கி, மற்ற வேளைகளில் வருகிற கவலையை ஒரு சீட்டில் குறித்து அந்த நேரத்திற்குத் தள்ளிவைப்பது இன்னொரு பயிற்சி. கேட்க எளிமையாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். அந்த அரை மணி நேரம் வரும்போது சீட்டில் உள்ள பாதிக் கவலைகளுக்கு உயிர் இல்லாமல் போயிருப்பதை நோயாளிகளே வியந்து சொல்வதுண்டு. இதை இன்றே வீட்டில் தொடங்கலாம். படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

செர்ட்ராலின், எஸிட்டலோபிராம் போன்ற மருந்துகளும் நன்றாக உதவுகின்றன. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முதல் சில நாட்களில் குமட்டலோ, பதற்றம் சற்றே கூடுவதோ உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாததால் மூன்றாம் நாளே மருந்தை நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர்ந்து, பின்னர் மருத்துவர் சொல்கிறபடி மெல்லக் குறைப்பதே பொதுவான வழக்கம். ஆகவே பெரும்பாலானவர்களுக்குக் காலம் முழுவதும் என்ற பேச்சே எழுவதில்லை. மீண்டும் மீண்டும் திரும்பி வருகிற சிலருக்கு மட்டும் நீண்ட காலம் தேவைப்படலாம். நோயா, சுபாவமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிறவியிலேயே கூச்சமோ எச்சரிக்கையோ மிகுந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு சற்று அதிகம்தான், ஆனால் இரண்டு ஆண்டுகளாக உங்களைத் தூங்கவிடாமல் செய்வது நோய்தான். அதற்கு மருத்துவம் இருக்கிறது.

உறவினர் கொடுத்த அல்பிரசோலம்தான் எனக்கு அச்சம் தருகிறது. அது விரைவாக அமைதி தரும். அதனாலேயே உடல் அதற்குப் பழகி, அதே அளவு போதாமல் போய், அடிமையாக்கும். இந்த வகை மருந்துகளைச் சில வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது. அதற்காக இந்தப் பதிலைப் படித்த இரவே நிறுத்திவிடாதீர்கள்; தினமும் போட்டுவந்ததைத் திடீரென நிறுத்தினால் பதற்றம் பன்மடங்காகும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வழியை மனநல மருத்துவர் வகுத்துத் தருவார். இடையில் வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு, எத்தனை நாட்களாக என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.